காற்றுப் பட்டால் என்ன ஆகும்?

சென்ற இதழில் ஆவக்காய் ஜாடியில் பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்து மலைத்துப் போனேன். எல்லோருக்கும் நன்றி. "எப்போதும் சமையலறைதானா? வெளியே எங்கேயாவது அழைத்துப் போகக் கூடாதா?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். கேட்டு விட்டீர்கள் அல்லவா, வாருங்கள். கொஞ்சம் தூரமாகவே போகலாம். கனடா தேசத்தில், வான்கூவர் நகரத்தில், ஸ்டான்லி பூங்கா என்று ஒன்று இருக்கிறது. மூன்று பக்கமும் கடல், நடுவே காடு. ஊருக்குப் பக்கத்திலேயே சுமார் ஆயிரம் ஏக்கர்!

ஊர் சுற்றிப் பார்க்க நான் அங்கே போகவில்லை. போன வருஷம் என் பெண்ணின் தலைப்பிரசவத்துக்குப் போயிருந்தேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது நம் வழக்கம். அவளுக்கு உத்தியோகத்தை விட்டு வர முடியவில்லை. பெண் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய்தானே பெண் வீட்டுக்குப் போக வேண்டும்! சுக்கு, ஓமம், அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி என்று லேகியச் சாமான்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி எடுத்துக் கொண்டு ஏப்ரல் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். மே முதல் வாரத்தில் பேத்தி பிறந்தாள். சுகப்பிரசவம். தாயும் சேயும் நலம் என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லியாயிற்று.

சேய் நலம்தான். தாய் நலமாக இல்லை என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது.

அவர்கள் குடியிருப்பது பன்னிரண்டாவது மாடி. நான் போனதுமே ஜன்னல்களை எல்லாம் சாத்தி விட்டேன். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றுப் படக் கூடாது என்று காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, வேளா வேளைக்குப் பத்தியச் சாப்பாடு கொடுத்து வந்தேன். பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், லேகியம். எனக்கு என் அம்மா செய்ததை ஒன்று விடாமல் செய்தேன். பெண்ணும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பாரேன், அடங்கி ஒடுங்கி எப்படி இருக்கிறாள்" என்று எனக்குப் பெருமை வேறு! அவள் பேசாமல் இருந்ததுதான் நோய் என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், கீழே விடுவாள். பிறகு சுவரைப் பார்த்துக் கொண்டு படுத்திருப்பாள். சில சமயம் கண்ணில் தண்ணீர் வழியும். "என்னடி கண்ணு, எங்கேயாவது வலிக்குதா?" என்றால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள்.

அந்த ஊரில் பிரசவித்தவர்களை விசாரிக்க அரசாங்க சுகாதார நர்ஸ் உண்டு. அந்த அம்மாள் வீட்டுக்கு வந்து குழந்தையை நிறுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரு தாளை எடுத்து வைத்துக் கொண்டு என் பெண்ணிடம் பத்துக் கேள்விகள் கேட்டார். இந்தப் பத்துக் கேள்வி முறையை 1987ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்து மருத்துவர்கள் வகுத்தார்களாம். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்கிற மாதிரிக் கேள்விகள். சமையலறையில் இருந்தபடியே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுக் கொண்டிருந்தேன். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே ஏதாவது செய்து கொள்ளத் தோன்றியதா என்பது. என் பெண் உடனே "இல்லை" என்று சொல்லவில்லை, சகோதரிகளே. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் என் கையில் இருந்த கரண்டி நடுங்கியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்தார் நர்ஸ். எழுந்திருக்கும்போது என்னிடம், "இவள் வெளியே போய் வருகிறாளா?" என்றார். "நாற்பது நாள் வெளியே போகக் கூடாது, காற்றுப் பட்டு விடும்" என்றேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. தெரிந்து கொள்ள விரும்புகிறவர் போலவே, "காற்றுப் பட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கம்மா சொன்னாங்க என்பதைத் தவிர என்னிடம் வேறு பதிலே இல்லை.

டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரசவம் ஆன சில நாட்களில் காரணமில்லாத அழுகை வருவது பெரும்பாலோருக்கு உண்டு. பத்து, பதினைந்து நாளில் தானே போய் விடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது வேறு. அதற்கு வைத்தியம் வேண்டும். அது பிடிவாதமும் இல்லை, திமிரும் இல்லை, திருஷ்டியும் இல்லை. உலகத்தில் பிரசவித்த பெண்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இது வருகிறது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம்மைப் போன்ற நாடுகளில் இன்னும் அதிகமாம், ஐந்தில் ஒருவருக்கு அருகில். வாரம் ஒரு முறை மனநல ஆலோசகரிடம் பேச வேண்டும், இரவில் தொடர்ந்து சில மணி நேரமாவது தூக்கம் வேண்டும், தினமும் கொஞ்சம் வெளிச்சத்தில் நடக்க வேண்டும் என்றார். "தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா?" என்றும் கேட்டார். நான் தலையைக் குனிந்து கொண்டேன். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் வேண்டாமா? எனக்கே கொஞ்சம் யோசனை வந்திருக்க வேண்டும்.

இப்படித்தான் நாங்கள் ஸ்டான்லி பூங்காவுக்குப் போனோம். பார்க்கவேண்டிய இடம் என்பதற்காக இல்லை, பக்கத்தில் இருக்கிற இடம் என்பதற்காக.

முதல் நாள் தூரம் போகவில்லை. நகரத்தை ஒட்டினாற்போல் பூங்கா வாசலிலேயே ஓர் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி வந்தால் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. காதுப் பஞ்சை எடுக்க மாட்டேன் என்று நான், வைத்துக் கொள்ள மாட்டேன் என்று அவள். கடைசியில் ஒரு கம்பளி மப்ளரில் சமாதானம் ஆயிற்று. குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து மாப்பிள்ளை தள்ளிக் கொண்டு வந்தார்.

வாத்துக் கூட்டம் வழியை மறித்துக் கொண்டு நின்றது. கனடா வாத்து என்று கழுத்துக் கறுத்த பெரிய ஜாதி. பின்னால் மஞ்சளும் பச்சையுமாகக் குஞ்சுகள். நான் ஓர் அடி கிட்டப் போனேன். தாய் வாத்து கழுத்தை நீட்டிச் சீறியது பாருங்கள், நான் மாப்பிள்ளைக்குப் பின்னால் போய் ஒளிந்து கொண்டேன்!

அந்த ஏரிக்குப் பெயர் 'காணாமற்போன ஏரி'. ஏன் இப்படி ஒரு பெயர் என்று கேட்டேன். முன்பு அது ஏரியே இல்லை, கடலின் ஒரு மூலை. அலை ஏறும்போது தண்ணீர் நிறையும். அலை இறங்கினால் வெறும் சேறுதான் மிஞ்சும். படகு விட்டுக் கொண்டிருந்த பாலின் ஜான்சன் என்ற பெண் கவிஞர், தாம் விரும்பிய தண்ணீர் அடிக்கடி காணாமல் போகிறதே என்று இந்தப் பெயரை வைத்தாராம். 1916ஐ ஒட்டிக் கடலுக்குக் குறுக்கே சாலை போட்டபோது தண்ணீர் உள்ளேயே தங்கி ஏரியாகி விட்டது. இப்போது காணாமல் போவதில்லை. பெயர் மட்டும் தங்கி விட்டது.

இதை மாப்பிள்ளை சொல்லிக் கொண்டு வந்தபோது என் பெண் பெஞ்சில் உட்கார்ந்து விட்டாள். "நானும் அப்படித்தாம்மா காணாமப் போயிட்டேன்" என்றாள். மூன்று வாரத்தில் அவளாக வாய் திறந்து தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் உபதேசம் எதுவும் செய்யவில்லை. செய்யத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. பக்கத்தில் உட்கார்ந்து, ஃப்ளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தேன். குழந்தை சிணுங்கியது. அங்கேயே சால்வையைப் போர்த்திக் கொண்டு பால் கொடுத்தாள். "ஐயோ, நாலு பேர் பார்ப்பாங்களே" என்று எனக்குக் கூச்சம். நாலு பேரும் அவரவர் பாட்டுக்குப் போய்க் கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மழை இல்லாத நாட்களில் எல்லாம் போனோம். இனி பூங்காவைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வான்கூவர் நகரசபை ஏற்பட்டது 1886 ஏப்ரலில். மே மாதத்திலேயே, சாலையும் சாக்கடையும் சரியாக வராத காலத்தில், இந்த நிலத்தைப் பூங்காவுக்குத் தர வேண்டும் என்று மத்திய அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். ராணுவத்துக்கென்று ஒதுக்கி வைத்த நிலம் அது. ஜூனில் ஊரே தீப்பிடித்து எரிந்து போயிற்று. ஆனால் விண்ணப்பம் வீணாகவில்லை. 1888 செப்டம்பரில் பூங்காவைத் திறந்தார்கள். அப்போது கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபுவின் பெயரை வைத்தார்கள். பிறந்த கையோடு ஓர் ஊர் தனக்குப் பூங்கா கேட்டதே என்று நான் வியந்து போனேன்.

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது காலி நிலம் இல்லை. ஸ்குவாமிஷ், மஸ்குவியம், ஸ்லேவாட்டூத் என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய இடம். உள்ளே அவர்களுடைய கிராமம் இருந்தது. அவர்கள் காலம் காலமாகத் தின்று குவித்த சிப்பி ஓடுகள் மேடாகக் கிடந்தனவாம். அந்த ஓடுகளை வெட்டி எடுத்துத்தான் பூங்காவின் முதல் சாலைக்குப் பரப்பினார்கள். அங்கே சிறுவனாக இருந்த ஆகஸ்ட் ஜாக் காட்சலானோ என்பவர், பிற்காலத்தில் பெரியவராகி, நடந்ததைச் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டுக்குள் எல்லோரும் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது சாலைக்கு அளவு எடுக்க வந்தவர்கள் வீட்டின் மூலையை வெட்டினார்களாம். சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது! உலை வைத்துப் பரிமாறிப் பழகிய நமக்குத்தான் தெரியும், அந்தச் சாப்பாடு எப்படித் தொண்டையில் இறங்கியிருக்கும் என்று. மிச்சமிருந்த குடும்பங்களையும் பின்னால் கோர்ட்டு, வழக்கு என்று போய் வெளியேற்றி விட்டார்கள். இப்போது பிராக்டன் முனையில் மரத்தைச் செதுக்கி வர்ணம் தீட்டிய குலச்சின்னக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. கழுகு, கரடி, திமிங்கிலம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக உருவங்கள். எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். அந்த வீட்டு மூலையையும் நினைத்துக் கொண்டோம்.

கம்பங்களுக்கு அருகில் கடலோரமாக நடந்தால் துறைமுகம் தெரியும். 1914 மே மாதம் 'கோமகாட்டா மாரு' என்ற கப்பல் நம் நாட்டவர் 376 பேருடன் வந்து அந்தத் தண்ணீரில்தான் நின்றது. பெரும்பாலோர் பஞ்சாபியர். இரண்டு மாதம் அவர்களைக் கரை இறங்க விடவில்லை. ஏற்கெனவே அங்கே குடியிருந்த சிலரைத் தவிர மற்றவர்களை ஜூலையில் திருப்பி அனுப்பி விட்டார்கள். 2016ல் கனடாவின் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். கரை ஓரமாக ஒரு நினைவுச் சின்னமும் வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் என் பேத்தி பிரஜையாகப் பிறந்து தள்ளுவண்டியில் தூங்கிக் கொண்டிருக்கிறாள்!

பூங்காவைச் சுற்றிக் கடலோரத்தில் கல் சுவர் கட்டி, அதன் மேலேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். சுமார் ஒன்பது கிலோமீட்டர். அலை கரையை அரித்து விடக் கூடாதே என்று 1917ல் ஆரம்பித்த வேலை. பணம் கிடைத்தபோது கொஞ்சம், ஆள் கிடைத்தபோது கொஞ்சம் என்று நடந்து, பூங்காவை முழுக்கச் சுற்றி முடிய 1971 ஆயிற்று. ஜேம்ஸ் கன்னிங்ஹாம் என்ற கொத்தனார் முப்பதுக்கு மேற்பட்ட வருஷங்கள் இந்தச் சுவரே கதி என்று இருந்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் வந்து வந்து மேற்பார்வை பார்ப்பாராம். 1963ல் அவர் காலமானபோதுகூடச் சுவர் முடியவில்லை. நம் வீட்டு வேலை மாதிரிதான் போலிருக்கிறது!

ஜூனில் ஒரு நாள் சாயங்காலம் சாப்பாட்டை முடித்துக் கொண்டு போனோம். அங்கே கோடையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கரையில் ஒரு பழைய பீரங்கி கூண்டுக்குள் இருக்கிறது. 1816ல் இங்கிலாந்தில் வார்த்தது. கப்பல்காரர்கள் கடிகாரத்தைச் சரி பார்த்துக் கொள்வதற்காகத் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வெடிப்பார்கள், இன்றும் வெடிக்கிறது. 1969ல் கல்லூரி மாணவர்கள் சிலர் குறும்புக்காக இந்தப் பீரங்கியையே தூக்கிக் கொண்டு போய், குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு நன்கொடை கொடுத்தால்தான் திருப்பித் தருவோம் என்றார்களாம். இதெல்லாம் அப்புறம் தெரிந்து கொண்டது. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. தூரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஃப்ளாஸ்கில் இருந்து பால் ஊற்றிக் கொண்டிருந்தேன். திடீரென்று டமார்! "முருகா!" என்று கத்திக் கொண்டு எழுந்து விட்டேன். மூடி ஒரு பக்கம், பால் ஒரு பக்கம். குழந்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. என் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைப் பொத்திக் கொண்டு, அப்புறம் பொத்தாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாப்பிள்ளை, "அத்தை, நாளைக்கும் வந்து கத்துவீங்களா?" என்றார்.

மாப்பிள்ளையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல பிள்ளை. ஆனால் காலையில் ஆபீஸ் என்று ராத்திரி அடுத்த அறையில் கதவைச் சாத்திக் கொண்டு தூங்குவார். நானும், "ஆம்பிளைக்கு எதுக்கு இந்த வேலை, தூங்கட்டும்" என்றுதான் இருந்தேன். ராத்திரியெல்லாம் நானும் பெண்ணும்தான் முழித்துக் கொண்டிருப்போம்.

பூங்காவின் மேற்குப் பக்கம் கடலுக்குள் தனியாக ஒரு பாறை நிற்கிறது. பல வீட்டு உயரம், உச்சியில் ஒரு சின்ன மரம். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த 'சிவாஷ் பாறை' என்ற பெயர் பூர்வகுடி மக்களை இழிவாகக் குறிப்பது. அவர்கள் மொழியில் அதன் பெயருக்கு 'நிமிர்ந்து நிற்பது' என்று பொருளாம். ஏரிக்குப் பெயர் வைத்தாரே பாலின் ஜான்சன், அவருடைய தகப்பனார் மொஹாக் என்ற பூர்வகுடியின் தலைவர், தாயார் இங்கிலீஷ்காரர். ஸ்குவாமிஷ் தலைவர் ஒருவர் சொல்லக் கேட்டு இந்தப் பாறையின் கதையை அவர் எழுதி வைத்திருக்கிறார். 1913ல் அவர் காலமானபோது அவருடைய அஸ்தியையும் இந்தப் பூங்காவிலேயே அடக்கம் செய்தார்கள். மாப்பிள்ளை லைப்ரரியில் இருந்து எடுத்து வந்து, பாறைக்கு எதிரே உட்கார்ந்து எனக்காகத் தமிழில் சொன்னார்.

மனைவிக்குப் பிரசவ நேரம். குழந்தை பிறக்கும்போது தகப்பன் மாசில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் தர்மம். அதற்காக ஓர் இளைஞன் கடலில் நீந்திக் கொண்டே இருக்கிறான். தெய்வத்தின் தூதர்கள் நான்கு பேர் படகில் வந்து, வழியை விடு என்கிறார்கள். அவர்களைத் தொட்டவன் சாதாரண மனிதனாக இருக்க முடியாது. அது தெரிந்தும், "என் குழந்தைக்காக நீந்துகிறேன், நிறுத்த மாட்டேன்" என்கிறான். கரையில் இருந்து குழந்தையின் அழுகுரல் கேட்கிறது. தூதர்கள் அவனைத் தண்டிக்கவில்லை. தகப்பன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உலகம் பார்க்கும்படி அவனைப் பாறையாக நிற்க வைத்தார்கள். மனைவியையும் குழந்தையையும் அவன் கண்ணெதிரே காட்டுக்குள் இரண்டு பாறைகளாக வைத்தார்கள்.

சொல்லி முடித்து விட்டு மாப்பிள்ளை கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக் கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழுதது. நான் எழுந்து வருவதற்குள் அடுத்த அறைக் கதவு திறந்தது. "அத்தை, நீங்க படுங்க. பால் குடிச்சதும் நான் வாங்கிக்கிறேன். அவ தூங்கட்டும்" என்றார். ஏப்பம் விட வைக்க அவருக்குத் தெரியவில்லை. தோளில் எப்படிப் போட்டுத் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு நாளில் என்னை விட நன்றாகத் தட்டினார்.

பூங்காவுக்குப் போனதால் என் பெண்ணுக்கு எல்லாம் சரியாகி விட்டது என்று நான் எழுத மாட்டேன். அது பொய்யாகி விடும். டாக்டரும் ஆலோசகரும் பார்த்தார்கள், மாதங்கள் ஆயின, நடுவில் மோசமான நாட்களும் வந்தன. ஆனால் அந்த நடைபாதையில் அவள் பேசினாள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை எல்லாம், பக்கத்தில் நடந்து கொண்டே கடலைப் பார்த்துச் சொன்னாள்.

நானும் சொன்னேன். இவளுக்கு அடுத்து என் பையன் பிறந்தபோது, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் தினமும் அழுதிருக்கிறேன். குழந்தையைப் பார்க்கவே பிடிக்காத நாட்கள் இருந்தன. மாமியார் திருஷ்டி சுத்திப் போட்டார். ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒருவரிடமும் சொல்லாததை அந்தப் பாதையில் என் பெண்ணிடம் சொன்னேன். "ஏம்மா இத்தனை நாள் சொல்லல?" என்று என் கையைப் பிடித்துக் கொண்டாள்.

அந்தக் காட்டுக்கும் நோய் உண்டு, தெரியுமா? 2006 டிசம்பரில் அடித்த புயலில் சுமார் பத்தாயிரம் மரங்கள் சாய்ந்தன. சமீப வருஷங்களில் ஒருவகைப் பூச்சி இலைகளைத் தின்று மரங்களில் கால்வாசிக்கு மேல் பாதித்து விட்டது. 2023ல் பட்ட மரங்களை வெட்டி எடுக்க ஆரம்பித்தார்கள். இத்தனை வெட்டலாமா என்று ஊரில் சண்டையும் நடந்தது. உள்ளே குடைந்து வீடு போல் இருக்கும் ஒரு பழைய செடார் மரம் பூங்காவில் உண்டு. அந்தக் காலத்தில் அதற்குள் குதிரை வண்டியையே நிறுத்திப் போட்டோ எடுப்பார்களாம். உயிர் போன அடிமரம்தான். புயலுக்குப் பிறகு சாய்ந்து விடும் போலிருந்ததால் எடுத்து விடலாம் என்றார்கள். ஊர்க்காரர்கள் விடவில்லை. இரும்பு முட்டுக் கொடுத்து 2011ல் நிமிர்த்தி நிறுத்தி விட்டார்கள். அதற்குள் நின்று மேலே பார்த்தால் ஆகாயம் தெரிகிறது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை. கார் நிறுத்தத்தான் பணம். நகரத்தில் இருந்து 19ஆம் எண் பஸ் பூங்காவுக்குள்ளேயே போகிறது. தள்ளுவண்டியை அப்படியே ஏற்றலாம்.

2. கடலோரப் பாதையில் நடப்பவர்களுக்குத் தண்ணீர்ப் பக்கம். சைக்கிளுக்கு உட்பக்கம், அதுவும் ஒரே திசைதான். குழந்தைகளைக் கையை விட்டு விட வேண்டாம்.

3. கோடையிலும் கடற்காற்று சில்லென்று இருக்கும். ஒரே கனமான சட்டைக்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய உடுப்பாகப் போட்டால் தேவைப்படி கழற்றலாம். குழந்தைக்குத் தொப்பி, மாற்றுத் துணி, ஒரு சால்வை அவசியம்.

4. எலுமிச்சை சாதம், இட்லி மிளகாய்ப் பொடி தடவியது, இரண்டும் நன்றாகத் தாங்கும். மிச்சத்தைப் பறவைக்கும் பிராணிக்கும் போடாதீர்கள். ஜனங்கள் தீனி போட்டுப் பழக்கியதும் ஒரு காரணமாகி, 2021ல் அங்கே கொயோட்டி என்ற ஓநாய் ஜாதி மிருகங்கள் நாற்பதுக்கு மேற்பட்டவர்களைக் கடித்தன, துரத்தின. கடைசியில் அவற்றில் சிலவற்றைக் கொல்லும்படி ஆயிற்று. நாம் போடும் ஒரு பிடி சோறு அதன் உயிருக்கு உலை.

5. ஒரே நாளில் ஒன்பது கிலோமீட்டரும் நடந்து விட வேண்டும் என்று கங்கணம் கட்ட வேண்டாம். பிரசவமானவர்கள் முதல் நாள் பத்து நிமிஷம் போதும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொண்டே நடக்க ஆரம்பிக்க வேண்டும்.

"எங்களுக்கு ஏது ஸ்டான்லி பூங்கா?" என்று கேட்பீர்கள். ஸ்டான்லி பூங்காவா முக்கியம்? மொட்டை மாடி போதும், தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் போதும், குளக்கரை போதும். அந்தக் காலத்தில் நெல் குத்தி, தண்ணீர் இறைத்து ஒடிந்த உடம்புக்கு நாற்பது நாளாவது ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் பெரியவர்கள் அந்த வழக்கத்தை வைத்திருப்பார்கள். ஓய்வைக் கொடுங்கள், பத்தியச் சாப்பாட்டையும் கொடுங்கள். ஜன்னலை மட்டும் சாத்தாதீர்கள். குழந்தை பால் குடித்ததா என்று கேட்கிற வாயால், "நீ எப்படிம்மா இருக்கே?" என்றும் கேளுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனால் காத்திருங்கள். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்து விடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள். அவளைத் தனியாகவும் விடாதீர்கள். நம் நாட்டில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி கிடைக்கும். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

போன வாரம் பெண் வீடியோவில் கூப்பிட்டாள். பேத்தி பூங்காவில் வாத்தைப் பார்த்துத் தத்தித் தத்தி ஓடுகிறாள். பின்னாலேயே மாப்பிள்ளை. பலத்த காற்றுப் போலிருக்கிறது, மூன்று பேர் தலையும் கலைந்து கிடக்கிறது. "மப்ளர் எங்கேடி?" என்று வாய் வரைக்கும் வந்து விட்டது. கேட்கவில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம். உங்கள் பிரசவக் காலத்தில் யாரிடமும் சொல்லாத ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.